நூலகத்தை இடிக்க முதல்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், குறிப்பாக எங்கள் வட்டாரத்தில் தெரிவான தம்பிக்கும் வணக்கம்.

சந்தியில் நிற்கிற பழைய நூலகத்தை இடித்துவிட்டு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று எழுப்புவதாகச் சபையில் கதைத்திருக்கிறீர்கள். அதன் படமும் கைபேசி கைபேசியாகச் சுற்றி எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, அதைச் சுற்றி அலுமினியத் தகடு, கீழே இரண்டு கடை, மேலே வாசிப்பு மண்டபம். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். நான் மேசன் வேலை செய்கிறவன். புதுக் கட்டடம் எழும்பினால் எனக்கும் சில மாதக் கூலி கிடைக்கும், ஆகவே என் வயிற்றுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

உங்களில் பலர் அந்தக் கட்டடத்துக்குள் போய்க் கனகாலம் இருக்கும். வாசிப்பு மாதம் என்று ஒக்டோபரில் பரிசு கொடுக்க வருகிற நாளில் விறாந்தையோடு விழா முடிந்துவிடும், உள்ளே யார் பார்க்கிறார்கள்? அதனால் சுவர் சுவராகச் சொல்லுகிறேன்.

நடு மண்டபம்தான் மூத்தது. கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். காணி இல்லாமல் யாழ்ப்பாணத்தில் நெருக்கியடித்து இருந்த சனத்தை இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காட்டுக்குள் கொண்டுவந்து இருத்தினார்கள். அணைக்கட்டு உயர உயர வயல் விரிந்தது, வயல் விரிய எங்கள் ஊர் மாதிரிப் பல ஊர்கள் வாய்க்கால் ஓரங்களில் முளைத்தன. காடு வெட்டிய கையோடு பள்ளிக்கூடம், கோயில், வாசிகசாலை மூன்றையும் ஒரு மூச்சில் கேட்ட ஆட்கள் அவர்கள். முதலில் கிடுகுக் கொட்டில்தானாம். வீரகேசரியும் தினகரனும் ஈழநாடும் ஒரு மேசையில் கிடக்க, எழுத்துத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிக்க, வயலால் வந்தவர்கள் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்பார்களாம். பிறகுதான் கல்லில் மண்டபம் எழும்பியது. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை, இந்த மண்டபமோ அதற்கு முந்திய கிராமச் சபைக் காலத்தது. அதாவது உங்கள் சபையை விட அதற்கு வயது கூட.

அதைக் கட்டியவர் யார், படம் கீறியவர் யார் என்று ஒரு கல்வெட்டும் இல்லை. ஆனால் வேலை தெரிந்த ஆள் என்று சுவரே சொல்லுகிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இன்றைக்கு நாங்கள் வைக்கிற சீமெந்துக் கல் சுவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். மண்டபத்தின் நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கும் மேற்கும் குறுகிய சுவர்கள், அதிலும் மேற்குச் சுவரில் ஒரு யன்னல் கூடக் கிடையாது. றோட்டு மேற்குப் பக்கம் என்பதால், போகிற வருகிற ஆட்களுக்குத் தெரிவது அந்த மொட்டைச் சுவர் மட்டும்தான். நூலகம் வடிவில்லை, முகப்பே இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்லுவதற்குக் காரணமும் அதுதான். வன்னியில் பின்னேரம் மூன்று மணி வெயில் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று யோசியுங்கள். கட்டினவன் றோட்டில் போகிறவனுக்காகக் கட்டவில்லை, உள்ளே இருந்து வாசிக்கிறவனுக்காகக் கட்டியிருக்கிறான்.

தெற்கு யன்னல்களுக்கு நேரே வடக்கு யன்னல்கள். வைகாசி தொடக்கம் சோளகம் தென்மேற்கால் அடிக்கிறபோது காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும், மேசையில் பேப்பருக்குக் கல் வைக்காவிட்டால் பறக்கும். சுவரின் உச்சியில், வளைக்குக் கீழே, செங்கல்லை இடைவிட்டு அடுக்கிக் காற்றுத் துளை விட்டிருக்கிறார்கள், சூடு மேலே ஏறி அதனால் வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் விறாந்தை, ஆறடி அகலம், தாழ்வாரம் நன்றாக இறக்கி விட்டது. ஆகவே மாரி மழை சாய்ந்து அடித்தாலும் யன்னல் சாத்தத் தேவையில்லை. நிலம் சிவப்புச் சீமெந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் குளிரும். சின்னப் பிள்ளைகள் கதிரை இருந்தாலும் நிலத்தில்தான் படுத்துக் கிடந்து வாசிக்கிறார்கள். அத்திவாரத்தையும் நல்ல உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது தண்ணீர் நூலகப் படியோடு நின்றது. அதே வெள்ளம் சந்தியில் இருந்த புதுக் கட்டடங்களுக்குள் முழங்கால் அளவுக்கு ஏறியதை நீங்களும் வந்து பார்த்தீர்கள்.

கிழக்குப் பக்க அறை இன்னொரு காலம். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்தை விட்டு வந்த குடும்பங்கள் வன்னியில் குடியேறிய பிறகு ஊரும் பெருத்தது, வாசகரும் கூடினார்கள். இடம் போதாமல் ஒட்டிக் கட்டிய அறை அது. அந்த நேரம் சீமெந்துக் கல் வந்துவிட்டது. ஆனால் பழைய சுவரில் பல் விட்டுக் கோக்காமல் சும்மா ஒட்டிக் கட்டிவிட்டார்கள். அதனால் மூட்டில் மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடுகிறது. கட்டடம் வெடித்துவிட்டது, ஆபத்து, இடிக்க வேண்டும் என்று காட்டுகிற படத்தில் இருப்பது அந்த வெடிப்புத்தான். ஐயா, அது அத்திவாரம் இறங்கிய வெடிப்பு இல்லை. அத்திவாரம் இறங்கினால் வெடிப்பு பெரும்பாலும் சாய்வாக, படிப்படியாக, கல் மூட்டுகளைத் தொட்டுத் தொட்டு ஓடும், ஒரு பக்கம் அகலமாகவும் இருக்கும். இது இரண்டு வேறு வயதுச் சுவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் தனித்தனியே அசைகிற இடம், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் வெடிப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, திகதியும் எழுதிவிடுங்கள். மாரி முடிய வந்து பாருங்கள். சுவர் இறங்குகிறதென்றால் ஒரு பக்கக் கோடு மற்றதை விடக் கீழே போயிருக்கும்.

பிறகு போரில் அரசு பொருளாதாரத் தடை போட்ட காலம். 1990க்குப் பிறகு சீமெந்து தடைசெய்த பொருள்களில் ஒன்று என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான், ஜாம் போத்தலில் திரி விட்டுப் படித்து உயர்தரம் எழுதிய ஆட்கள் உங்கள் சபையிலேயே இருப்பீர்கள். 1996இல் ஊரோடு எழும்பிப் போய், 1998க்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது வடமேற்கு மூலைத் தூண் விழுந்து கிடந்தது. கட்டச் சீமெந்து இல்லை. வைரம் பாய்ந்த பனந்துண்டு ஒன்றை நட்டு, அடியில் தார் பூசி, மேலே தீராந்தியை ஏற்றிவிட்டார்கள். தற்காலிகம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கும் அந்த மூலையை அதுதான் தாங்குகிறது. கையால் தடவிப் பாருங்கள், சாய்ந்து இருந்து பேப்பர் வாசித்தவர்களின் முதுகு பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுப்பாகிவிட்டது.

கடைசிப் போரில் மறுபடியும் ஊரை விட்டுப் போய், 2010இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை. முதிரைக் கதவு நிலையோடு போய்விட்டது. புத்தகங்களைப் பற்றி எழுத விருப்பமில்லை. சுவர் மட்டும் நின்றது. எங்களுக்கு வீட்டுக்குத் தந்த மாதிரியே நூலகத்துக்கும் தகரம் போட்டோம். பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய காசிலும் சிரமதானத்திலும் நடு மண்டபத்துக்கு மாத்திரம் திரும்ப ஓடு ஏறியது, கிழக்கு அறையில் தகரம் அப்படியே கிடக்கிறது. இதில் ஒரு நன்மை உண்டு. ஓட்டுக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் என்ன என்று யாரும் உங்களுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. பகல் ஒரு மணிக்கு வந்து முதலில் நடு மண்டபத்தில் இருங்கள், பிறகு எழும்பிப் போய்க் கிழக்கு அறையில் இருங்கள். ஏன் பிள்ளைகள் அங்கே போவதில்லை, ஏன் அங்கே உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறோம் என்று விளங்கும்.

சன்னங்கள் துளைத்த இடங்கள் பெரும்பாலும் பூசப்பட்டுவிட்டன. ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கிறது. தெற்கு யன்னல் ஓரத்தில் உள்ள ஒரு துளைக்குள் பிள்ளைகள் கட்டைப் பென்சில்களைச் செருகி வைக்கிறார்கள், யாருக்குத் தேவையோ அவர் எடுக்கலாம். இதை நான் சொல்லுவது போர் நினைவுச் சின்னமாக அதை வைத்திருங்கள் என்று கேட்க அல்ல. கிளிநொச்சியில் விழுந்த தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி வேலி போட்டு, பேருந்தில் வருகிறவர்கள் நின்று படம் எடுக்க விட்டார்களே, அப்படி ஒன்று எங்களுக்கு வேண்டாம். எந்த இடிபாடு நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை அப்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது தீர்மானிக்கிற கதிரையில் எங்கள் ஆட்களான நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை உதாரணம் காட்டி, அங்கே பாருங்கள் எவ்வளவு பெரிய கட்டடம் என்று ஒரு உறுப்பினர் கேட்டதாக அறிந்தேன். நல்ல உதாரணம், ஆனால் அவர் அதன் கதையை முழுதாகச் சொல்லவில்லை. அது 1933இல் க.மு. செல்லப்பா என்கிற ஒருவரின் வீட்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை. பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தது 1954இல், திறந்தது 1959இல். இடையில் என்ன செய்தார்கள்? காசு சேர்த்தார்கள், அது ஒன்று. மற்றது, இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள், சென்னையில் இருந்து நரசிம்மன் என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு படம் கீறுவித்தார்கள். உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று ஒரு நூலக அறிஞர் சொல்ல, அதற்கேற்ற உடம்பை ஒரு கட்டடக்கலைஞர் அமைத்தார். எங்கள் படத்தை யார் கீறியது, நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை என்று நூலகரே சொல்லுகிறார்.

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் அந்த நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள் போயின. ஈழநாடு அச்சகமும் அந்த நாட்களில்தான் எரிந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் பெரிய விவாதம் நடந்தது. எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விடுவதா, அதையே திருத்தி எழுப்புவதா என்று. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது, இன்றைக்கும் அந்த வாதம் முடியவில்லை. ஆனால் இரண்டு பக்கத்தாரும் அந்தச் சுவர் முக்கியம் என்ற ஒன்றில் ஒத்து நின்றார்கள். துப்பரவாக இடித்துத் தள்ளிவிட்டுக் கடையோடு சேர்த்து ஒன்று கட்டுவோம் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் அடுத்த தேர்தலில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். முதல் பிழை திசை. றோட்டைப் பார்க்கிற முகப்பு என்றால் மேற்கைப் பார்க்கிற முகப்பு. பழைய கட்டடம் எந்தப் பக்கத்தை மூடி வைத்ததோ அந்தப் பக்கத்தை முழுக்கக் கண்ணாடியால் திறக்கிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிற நேரமும் வெயில் அங்கே அடிக்கிற நேரமும் ஒன்று. திரைச்சீலை போடுவோம், குளிரூட்டி போடுவோம் என்பீர்கள். 2022லும் 2023லும் மின்கட்டணம் ஏறியபோது இருந்த நாலு மின்விசிறிக்கே பில் கட்ட முடியாமல் இரண்டை நிறுத்தி வைத்த நூலகம் இது. குளிரூட்டி போட்ட முதல் ஆண்டு ஓடும். அடுத்த ஆண்டு அது பழுது, அதற்கடுத்த ஆண்டு திறக்க முடியாத கண்ணாடிக்குள்ளே பிள்ளைகள் அவியும். மேல்மாடிக்கு மேலே கொங்கிறீற்றுத் தட்டு வேறு. பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது பொழுதுபட்ட பிறகுதான் கக்கும்.

இரண்டாவது பிழையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. வாசிப்பு மண்டபத்தை மாடியில் வைத்திருக்கிறீர்கள், கீழே கடை. படத்தில் மின்தூக்கி இல்லை. வன்னியில், அதுவும் எங்கள் ஊரில், காலை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? தினமும் முதலாவதாக வந்து பேப்பர் வாசிக்கிறவர் ஊன்றுகோலோடு வருகிறவர். அவரைப் படியேற்றிவிட்டுக் கீழே கைபேசிக் கடை நடத்துவது எந்த வகை அபிவிருத்தி? பழைய கட்டடத்திலும் இந்தக் குறை உண்டு. அத்திவாரம் உயரம், படி செங்குத்து, சாய்தளம் இல்லை, இத்தனை காலமும் இரண்டு பேர் பிடித்துத்தான் அவரை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு வடக்கு விறாந்தையோடு ஒரு சாய்தளம் போதும். ஒரு உயரத்துக்குப் பன்னிரண்டு நீளம் என்று கணக்கு வைத்துக் கட்டினால் சக்கர நாற்காலி தனியே ஏறும், அதற்கு இடமும் இருக்கிறது.

பழைய கட்டடத்தில் எல்லாம் திறம் என்று நான் சொல்லவில்லை. மலசலகூடம் இல்லாத நூலகத்துக்குப் பெண்பிள்ளைகள் எத்தனை மணி நேரத்துக்கு வந்து இருப்பார்கள்? கணினி வைக்க இடமில்லை, செருகி இரண்டே இரண்டு. மூலை அலுமாரியில் கறையான். குரங்கு கூரையில் பாய்ந்து முகட்டு ஓட்டைக் கழற்றிவிடும், அதனால் நடுவில் ஒழுகுகிறது. பிறகு, சில ஆண்டுகளுக்கு முன் செய்த திருத்த வேலை. சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்துப் பூச்சை அப்பி, அதற்கு மேலே பளபளப்பான பெயின்ற் அடித்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு விட்டுவிடும். சீமெந்தால் மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும். இடுப்பளவுக்குப் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து கிடக்கிறதே, சுவர் உக்கிவிட்டது என்று சொல்லுகிறீர்களே, உக்கியது சுவர் இல்லை, மேலே அப்பிய பூச்சு. அதைத் தட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பால் பூசினால் இரண்டு மாரியில் சுவர் காய்ந்துவிடும்.

மற்றதெல்லாம் பின்வளவில் வரட்டும். நூலகம் வளர்கிற உயிர் என்று ரங்கநாதன் 1931இலேயே சொல்லி வைத்திருக்கிறார், அவருடைய ஐந்து விதிகளில் கடைசி விதி அது. வளரட்டும். கிணற்றுக்கும் மண்டபத்துக்கும் இடையில் வெறும் நிலம் கிடக்கிறது, வேம்பு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. கணினி அறை, மலசலகூடம், உயர்தரப் பிள்ளைகள் இரவில் இருந்து படிக்க ஒரு கூடம், எல்லாம் ஒரே தளத்தில், பழைய விறாந்தையில் இருந்து மழை நனையாமல் நடந்து போகக்கூடிய மாதிரி அங்கே கட்டலாம். கடை வேண்டுமென்றால் சபைக்குச் சந்தையடியில் காணி இருக்கிறது, அங்கே கட்டுங்கள். நூலகத்தின் தோளில் ஏற்றாதீர்கள்.

சட்டப்படி தடை ஒன்றும் இல்லை என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். உண்மைதான். தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழங்காலச் சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கோடு போட்டிருக்கிறது. எங்கள் மண்டபம் அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ பிந்தியது. வன்னியில் சனம் தன் கையால் கட்டிய பள்ளிக்கூடம், வாசிகசாலை, சனசமூக நிலையம், சங்கக்கடை எல்லாமே பிந்தியவைதான், போரில் போனது போக மிஞ்சியதும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவற்றைக் காப்பாற்றத் தொல்பொருள் திணைக்களம் வராது. சட்டம் காப்பாற்றாததை ஒரு சபை காப்பாற்றலாம், தீர்மானம் ஒன்று போதும்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. இடிக்கிறதற்கு மதிப்பீடு எடுத்த மாதிரி, திருத்துகிறதற்கும் ஒரு மதிப்பீடு எடுங்கள். இரண்டையும் நூலக அறிவித்தல் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டால் தரத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ச் சபையிடம் விண்ணப்பம் போட்டுக் கேட்க எங்களுக்கும் கூச்சமாக இருக்கிறது, உங்களுக்கும் வடிவாக இருக்காது. விளங்காது என்று நினைக்காதீர்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைக் கட்டம் கட்டமாக வாங்கி, தானே கல் பறித்து, தானே கம்பி எண்ணி வீடு கட்டிய சனம் இது. எந்த அம்மாவிடம் கேட்டாலும் ஒரு கியூப் மணலுக்கு எத்தனை பை சீமெந்து என்று சொல்லுவார். மதிப்பீட்டில் எங்கே ஊதியிருக்கிறது என்று ஒரு பின்னேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதோடு, எந்த முடிவு எடுத்தாலும் முதலில் கட்டடத்தை அளந்து படம் கீறி வையுங்கள். தளம், முகம், குறுக்குவெட்டு, கூரைக் கட்டு, அந்தப் பனந்துண்டு உட்பட. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் யாரையாவது கேட்டால் விருப்பத்தோடு வந்து செய்வார்கள், சாப்பாட்டுக்கு ஊர் பொறுப்பு. கீறியதைச் சபைக் கோவைக்குள் பூட்டி வைக்காமல் இணையத்தில் இருக்கிற எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2005இல் இருந்து ‘நூலகம்’ என்ற பெயரில் அதை நடத்துகிற நிறுவனம் இப்படியானவற்றைத்தான் சேர்த்துக்கொண்டு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இது அவசரம். மாரி தொடங்கப் போகிறது, முகட்டில் கழன்ற ஓடுகளால் ஒழுகுகிறது. தீர்மானம் வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் புத்தகம் நனைய விட முடியாது. கூரையில் ஏறச் சபையின் அனுமதிக் கடிதம் வேண்டுமென்று நூலகர் பயப்படுகிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. கடிதத்தைத் தாருங்கள். முகட்டு ஓடும் இரண்டு பை சுண்ணாம்பும் சபை தந்தால் போதும், கூலி வேண்டாம், ஏணி என்னிடம் இருக்கிறது. அடுத்த அமர்வுக்கு முதல் வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது, என்னோடு வேலை செய்கிற தம்பிமார் இரண்டு பேரும் அன்றைக்கு நிற்பார்கள்.

இப்படிக்கு,
நூலக அங்கத்தவரான ஊர் மேசன் ஒருவர்